தோல்பிடியும் இரும்புப்பிடியும்

விருதுநகர் மல்லிக் கிட்டங்கித் தெருவில் மனிதர்களுக்கு எடை குறைய ஆரம்பித்தது, தவசிலிங்கம் மதுரையிலிருந்து இரண்டு ஆம்ப்ளிஃபயர்களைக் கொண்டுவந்து இறக்கிய ஆவணி மாதத்தில்தான் என்பதில் பின்னால் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை; ஆனால் அதை முதலில் சொன்னது ஒரு தராசு என்பதாலும், அந்தத் தெருவில் தராசு ஒன்று சொல்லி மனிதர் வேறொன்று சொன்னால் மனிதரைத்தான் நம்புவார்கள் என்பதாலும், விஷயம் வெளியே வர நான்கு நாள் ஆனது.

கொத்தமல்லி மூட்டைகளை அடுக்கிவைக்கிற அந்தக் கிட்டங்கிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாட்பாரத் தராசு உண்டு. காலையில் முதல் மூட்டை ஏறுமுன் படிக்கல் வைத்து அதைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. படிக்கல்லை உள்ளேயிருந்து தூக்கிவர யாருக்கும் பொறுமை கிடையாது. அதனால் லோடுமேன் கருத்தபாண்டியை ஏறி நிற்கச் சொல்வார்கள். கருத்தபாண்டி எண்பத்தொரு கிலோ. கல்யாண விருந்து சாப்பிட்ட மறுநாளும் எண்பத்தொன்று, டைபாய்டில் கிடந்து எழுந்த மறுநாளும் எண்பத்தொன்று என்று பதினோரு வருஷமாக அசையாமல் நின்ற உடம்பு அது. முள் எண்பத்தொன்றில் நின்றால் தராசு சரி, மல்லி மூட்டையை ஏற்றலாம். ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முள் எழுபத்தெட்டரையில் நின்றது. எடைபோடும் சங்கரநாராயணன் தராசை ஓர் உதை உதைத்தார். முள் நகரவில்லை. மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் தராசைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி பூட்டி, "இதுல ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஆளத்தான் ரிப்பேர் பாக்கணும்" என்றார். அவரைத் திட்டி அனுப்பினார்கள்.

இது எதுவும் தவசிலிங்கத்துக்குத் தெரியாது. கிட்டங்கிகளுக்கு எதிர்வரிசையில் இருந்த தன் வீட்டு முன்னறையில் அவன் இரண்டு கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவில் பேஸ் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இருபத்தாறு வருஷமாக மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறவன். கல்யாண வரவேற்பு, கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா, கட்சிக்காரர் வீட்டுக் காதுகுத்து என்று எங்கே போனாலும் தன் ஆம்பைத் தானே தூக்கி வேனில் ஏற்றித் தானே இறக்கியவன். பழைய ஆம்ப் முப்பத்தெட்டுக் கிலோ. துணி அலமாரி மாதிரி இருக்கும். எதைத் தூக்கினாலும் எத்தனை கிலோ என்று சொல்லிவிடுகிற கை அவனுக்கு அப்படித்தான் வாய்த்தது. பங்குனியில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ளும்படி ஆனதும் அப்படித்தான். "பத்துக் கிலோவுக்கு மேல தூக்கினா அடுத்து வேற டாக்டரப் பாத்துக்கங்க" என்று சொல்லித்தான் தையல் பிரித்தார்கள். வீட்டில் தினமும் நான்கு முறை தூக்க வேண்டிய ஒன்று இருக்கிறது என்பதை அவன் அங்கே சொல்லவில்லை. அது அவன் மனைவி மாரிக்கனி. வயிற்றில் கட்டி. வைகாசியில் ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவள் முப்பத்தாறு கிலோ இருந்தாள்.

அவளை மாற்ற முடியாது, ஆம்பை மாற்றலாம். மதுரையில் முப்பது வருஷப் பழக்கமுள்ள வாத்தியக் கடைக்குப் போனான். கடைக்காரர் ரத்தினசபாபதி இரண்டை எடுத்து வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான் தவசி. இது ஒன்பதே கால் கிலோ, இரும்புல பிடி. அது ஒன்பதரை, தோலுல பிடி. மத்தபடி அதே ஸ்பீக்கர், அதே வாட்ஸ், அதே நாலு திருகு."

"அப்புறம் எதுக்கு ரெண்டு?"

"ரெண்டு கம்பெனிக்காரனும் பொழைக்க வேண்டாமா? பத்து நாள் வீட்டுல வச்சு வாசிச்சுப் பாரு. ஒண்ண வச்சுக்க, ஒண்ணக் கொண்டா. பொட்டு மட்டும் வச்சிராத. பொட்டு வச்சா அது உன் வீட்டுப் பொருள், நான் கையால தொட மாட்டேன்."

கடைக்காரர்கள் அனைவருக்கும் இருக்கும் பயம் அது. மிக்ஸியோ மோட்டார் பைக்கோ தராசோ, புதிதாக வீட்டுக்குள் வரும் எதற்கும் சந்தனம் தொட்டு நடுவில் குங்குமம் வைத்து விடுவார்கள். வைத்த பிறகு அது பொருள் இல்லை, வீட்டில் ஒரு ஆள். ஆளைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

தவசிலிங்கம் முறையாகத்தான் சோதித்தான். அதே கிட்டார், அதே ஒயர், அதே பாட்டு, நான்கு திருகும் நட்டநடுவில். முதலில் இரும்புப்பிடி. ஒவ்வொரு ஸ்வரமும் கழுவித் துடைத்து வைத்த டம்ளர் மாதிரி தனித்தனியாக வந்து நின்றது. குறை சொல்ல ஒன்றும் இல்லை, கூப்பிட்டு உட்காரச் சொல்லவும் ஒன்றும் இல்லை. பிறகு ஒயரைப் பிடுங்கித் தோல்பிடியில் செருகி அதே பாட்டை வாசித்தான். சத்தம் பெட்டியிலிருந்து வருவது மாதிரியே இல்லை. தரையிலிருந்து கிளம்பிக் கணுக்கால் வழியாக ஏறி விலா எலும்புக்குக் கீழே வந்து உட்கார்ந்து, இங்கே இத்தனை நாள் காலியாகவா இருந்தது என்று கேட்பது போல இருந்தது. எந்த பேஸ்காரனும் அரை நிமிஷத்தில் முடிவு செய்துவிடுவான். அவனும் செய்திருப்பான், உள்ளேயிருந்து மாரிக்கனி கூப்பிடாமல் இருந்திருந்தால்.

"என்னங்க."

"என்ன, சத்தம் ஜாஸ்தியா?"

"இல்ல. நான் திரும்பிப் படுத்திருக்கேன்."

போய்ப் பார்த்தான். சுவர்ப்பக்கம் பார்த்துக் கிடந்தவள் வாசல் பக்கம் பார்த்துக் கிடந்தாள். வைகாசிக்குப் பிறகு அவளைத் திருப்பிப் போட்டது எல்லாம் அவன்தான். மெத்தை கடிக்கிறது என்பாள். புண்ணான முதுகு தன் எடையைத் தானே தாங்க முடியாமல் அழுத்துவதை அவள் அப்படித்தான் சொல்வாள். "இப்ப கடிக்கலங்க. பஞ்சு மாதிரி இருக்கு" என்றாள். அரை இட்லி கேட்டுச் சாப்பிட்டாள்.

தெருவுக்கு உண்மையை விளக்கியது ஆடு. தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு அவன் வாசிக்கிற நேரத்தில் எதிரே வேப்பமர நிழலில் லோடுமேன்கள் சாப்பிட்டுச் சாய்ந்திருப்பார்கள். மரத்தில் கறிக்கடை முனியாண்டியின் கிடாய்கள் கட்டியிருக்கும். நான்காம் நாள் முனியாண்டி கையில் கயிறோடு வந்து வாசலில் நின்றார்.

"ஏய்யா தவசி, ஒன் பாட்டுல எங் கிடாயில ரெண்டு கிலோ போச்சு."

"பாட்டுல எப்படிய்யா போகும்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? வாசிக்கிறதுக்கு முன்னால பதினாறு, வாசிச்ச பெறகு பதினாலு. நீ தின்னியா, நான் தின்னேனா?"

கருத்தபாண்டிக்கு அப்போதுதான் தன் எழுபத்தெட்டரை ஞாபகம் வந்தது. தராசை வாசலுக்கு உருட்டி வந்தார்கள். அவன் ஏறி நின்றான். தவசிலிங்கம் இரும்புப்பிடியில் வாசித்தபோது முள் சும்மா இருந்தது. தோல்பிடியில் வாசித்தபோது முள் கூச்சப்படுகிற ஆள் மாதிரி மெல்ல மெல்லப் பின்வாங்கியது. "அப்ப அந்த மெக்கானிக்கு சொன்னது சரிதான்" என்று சங்கரநாராயணன் ஒப்புக்கொண்டார். அதோடு ஆராய்ச்சி முடிந்தது.

அதன் பிறகு தெரு தன் வேலையை அதற்கேற்ற மாதிரி மாற்றிக்கொண்டது. தராசைச் சரிபார்க்க உள்ளேயிருந்து படிக்கல் வெளியே வந்தது. மூட்டைகளுக்கு எடை குறையவில்லை, மூச்சு விடுகிறவற்றுக்குத்தான் குறைந்தது என்பதால் வியாபாரிகளுக்கு ஆட்சேபணை இல்லை. முனியாண்டி கிடாய்களை அடுத்த தெருவில் கட்டினார். லோடுமேன்கள் இரண்டு மணிக்குக் கேட்டுவிட்டு மூன்று மணிக்கு மாடிக் கிட்டங்கிக்கு ஏறும்போது முழங்கால் முனகுவதில்லை. கால் வீங்கிய பெண்கள் ஸ்டூலோடு வந்தார்கள். ஒல்லியான கிழவர்கள் மடியில் ஒரு செங்கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாசமான பெண்கள் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று வார்டு நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது தானும் பத்து நிமிஷம் நின்று கேட்டார். குறைந்தது எல்லோருக்கும் மறுநாள் மத்தியானத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண வரவேற்புக்குத் தோல்பிடியைக் கொண்டுபோனபோது மாப்பிள்ளையின் பெரியம்மாக்கள் மூன்று பேர், இருபது வருஷமாகக் குனிந்து கோலம் போட முடியாதவர்கள், நாற்காலியை விட்டு எழுந்து ஆடினார்கள். குழுத் தலைவனும் கீபோர்டு வாசிப்பவனுமான கிருபாகரனுக்கு மறுநாள் காலையிலேயே ஆறு நிகழ்ச்சிக்கு போன் வந்துவிட்டது.

மாரிக்கனிக்கு மட்டும் குறைந்தது திரும்பி வரவில்லை.

முதல் நாள் முப்பத்தைந்து. மூன்றாம் நாள் முப்பத்துமூன்றரை. அவளைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோகும் பன்னிரண்டு அடியில் தவசிலிங்கத்தின் கை தானாக அதைக் கணித்தது. கணிக்காதே என்று சொன்னாலும் அது கேட்கவில்லை. ஏழாம் நாள் இருபத்தொன்பது. அதே ஏழாம் நாள் அவள் கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, சுவரைப் பிடித்து எழுந்து, ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். அவள் முகத்தில் வலி இல்லாததைப் பார்த்துப் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் அவனுக்கு ஒரு கணம் யாரோ என்று இருந்தது. அவளுக்குப் பின்னால் கொடியில் கிடந்த சேலை ஃபேன் காற்றில் ஆடியது. அவளும் கொஞ்சம் ஆடினாள். அதைப் பார்த்ததும் அவன் போய் ஃபேனை நிறுத்தினான்.

எட்டாம் நாள் இரும்புப்பிடியில் வாசித்தான்.

"இன்னிக்கு ஏன் தோலுல வாசிக்கல?"

"ரெண்டையும் பாக்கணும்ல. எது நல்லதுன்னு."

"எது நல்லதுன்னு எனக்குத் தெரியும். எங்கிட்டக் கேளுங்க."

"நீ இருபத்தொன்பது கிலோ இருக்க, மாரி."

"எட போட்டீங்களா?"

"கை சொல்லுது."

"கை சொல்லுறது இருக்கட்டும். எம் முதுகு சொல்லுறதக் கேளுங்க. எறக்கி வைக்கணும்னுதான எதையும் தூக்குறது? யாராச்சும் தூக்கிக்கிட்டே இருப்பாங்களா?"

"எறக்கி வச்சிட்டு நான் எதத் தூக்க?"

"அந்தப் பெட்டியத் தூக்குங்க. ஒன்பதரைக் கிலோதான" என்று சிரித்தாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கருத்தபாண்டி நான்கு லோடுமேன்களோடு வந்தான். கிருபாகரனும் வந்தான்.

"அண்ணே, நாளைக்கு இரும்பத்தான கொண்டுபோறீக?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

"இதுல பாக்க என்ன இருக்கு? எம் முட்டியக் கேளுங்க, அது சொல்லும்."

"தவசி, அந்த இரும்ப வச்சு என்ன பண்ணப் போற?" என்றான் கிருபாகரன். "தண்ணி கலந்த பால் மாதிரி இருக்குப்பா அது. இருபத்தாறு வருசம் வாசிச்ச ஒனக்கு நான் சொல்லணுமா?"

தவசிலிங்கம் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கருத்தபாண்டி குரலைத் தணித்தான்.

"மதினிக்கும் அதுதான் சொகமாம்ல."

"யாரு சொன்னா?"

"மதினிதான். ஜன்னல் வழியாக் கூப்பிட்டுச் சொன்னாக. எங்க வீட்டுக்காரருகிட்ட நீயும் ஒரு வார்த்த சொல்லுப்பான்னாக."

அவர்கள் போன பிறகு அவன் முடிவு செய்தான். முழங்கால் வலி பிறகும் போகும், நிகழ்ச்சி பிறகும் வரும். தோல்பிடி வீட்டில் இருந்தால் இன்று இல்லாவிட்டால் நாளை அவள் கேட்பாள், அவன் வாசிப்பான். இருபத்தொன்பது இருபதாகும், இருபது பத்தாகும், ஒருநாள் காலை கட்டிலில் கையை நீட்டினால் தூக்குவதற்கு ஒன்றும் இருக்காது. இரண்டையும் வைத்துக்கொள்ள அவனால் ஆகாது. இரும்புப்பிடியை வைத்துக்கொண்டு தோல்பிடியைக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தான். அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

பத்தாம் நாள் விடிந்து அவன் பால் வாங்கி வந்து முன்னறைக்குள் காலை வைத்தபோது தோல்பிடிக்குப் பொட்டு வைத்திருந்தது.

சந்தனம் கோணலாக வழிந்து, அதன் மேல் குங்குமம் கட்டைவிரல் அகலத்துக்கு அப்பியிருந்தது. சரஸ்வதி பூஜைக்கு அவன் கிட்டாருக்கு அவள் வைக்கிற அதே பெரிய பொட்டு. சாமி அலமாரியிலிருந்து முன்னறை வரைக்கும் சுண்ணாம்புச் சுவரில் நான்கு விரல் பிடித்துப் பிடித்து வந்த சிவப்புத் தடம் இருந்தது. கட்டிலிலிருந்து அலமாரிக்கு ஏழு அடி, அங்கிருந்து இங்கே பதினொன்று, மறுபடி கட்டிலுக்கு. எவ்வளவு குறைந்திருந்தால் அவள் இத்தனை தூரம் நடந்திருப்பாள் என்று அவன் கை கணக்குப் போட்டது. பால் பாத்திரத்தைக் கீழே வைத்தான்.

பிறகு தோளில் கிடந்த துண்டின் நுனியைக் குடத்துத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தான். எந்த வீட்டில், எந்த நாளில் பொட்டை அழிப்பார்கள் என்று தெரிந்த கைதான் அது. இருந்தும் துடைத்தது. சந்தனம் உடனே போய்விட்டது, குங்குமம் தோலின் மடிப்புக்குள் இறங்கியிருந்தது, நகத்தால் சுரண்டினான்.

"தண்ணிச் சத்தம் கேக்குது" என்றாள் உள்ளேயிருந்து.

"மூஞ்சி கழுவுறேன்."

"நல்லாக் கழுவுங்க" என்றாள்.

ஒன்பதரைக் கிலோவை ஒரு கையில் தூக்கிக்கொண்டு அவன் பஸ் ஏறினான்.

தெரு அவனோடு பேசுவதை நிறுத்தியது. யாரும் சண்டைக்கு வரவில்லை. இரண்டு மணிக்கு அவன் இரும்புப்பிடியில் வாசிக்க ஆரம்பித்தால் லோடுமேன்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்கு எழுந்து போனார்கள், அவ்வளவுதான். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாரிக்கனிக்கு எடை கூட ஆரம்பித்திருந்தது. முப்பத்திரண்டு என்று கை சொன்னபோது பாயசம் காய்ச்சினான். முப்பத்தாறு என்று சொன்னபோது கிருபாகரனுக்கு அவனே போன் செய்து சொன்னான். பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்த ஐந்தாம் நாள் நாற்பத்தைந்து. அன்று விளக்கைப் போட்டு அவளைச் சரியாகப் பார்த்தான். வந்தது சதை இல்லை. எலும்பு அதே எலும்பு, மணிக்கட்டில் வளையல் அதே மாதிரி முழங்கை வரைக்கும் ஓடியது. எடை மட்டும் எங்கிருந்தோ வந்து அவள் மேல் ஏறிக்கொண்டிருந்தது. மெத்தை மறுபடி கடித்தது, முன்னைவிட ஆழமாகக் கடித்தது. அவள் கத்தியது கிட்டங்கிகளுக்குக் கேட்டது. சங்கரநாராயணன் முள்ளைப் பார்த்துக்கொண்டே எடையை மாற்றிச் சொன்னார், யாரும் திருத்தவில்லை.

அவள் அவனைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் வலி கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரத்தில், "இரும்புலயாவது வாசிங்க, கேப்போம்" என்றாள். வாசித்தான். "நல்லாத் தெளிவா இருக்கு" என்றாள்.

எழுபது கிலோ ஆனபோது அவனால் தூக்க முடியவில்லை. வாசலில் போய் நின்றான். யாரையும் கூப்பிடவில்லை. கருத்தபாண்டி மூட்டையை இறக்கிவிட்டு வந்து, எதுவும் கேட்காமல், அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுப் போனான். பிறகு தினமும் நான்கு முறை வந்தான். அடுத்த வாரம் இரண்டு பேராக வந்தார்கள்.

தோல்பிடியைக் கொடுத்த பன்னிரண்டாம் நாளே தவசிலிங்கம் மறுபடி மதுரைக்குப் போயிருந்தான். இரும்புப்பிடியைக் கையில் கொண்டுபோயிருந்தான்.

"அது அன்னிக்கே போயிருச்சே தவசி" என்றார் ரத்தினசபாபதி. "தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு குழு. அட்ரஸ் கேக்கல. இங்க கடையிலயே பூ வாங்கிப் போட்டு, பொட்டு வச்சு எடுத்துட்டுப் போனாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிடிக்குக் கீழ மடிப்புல லேசாச் செவப்பா இருந்துச்சு. ஒனக்கு வேணாம்னுதான கொண்டாந்தேன்னு நானும் கேக்கல."

அவன் தஞ்சாவூரில் மூன்று நாள் அலைந்தான். எந்த மண்டபத்தில் பேஸ் சத்தம் கேட்டாலும் உள்ளே போய் நின்றான். எங்கேயும் அவன் உடம்பு அதே கனத்தோடுதான் நின்றது.

பெட்டி திரும்பிப்போன இருபத்துமூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மாரிக்கனி இறந்தாள்.

பாடை கட்டி, குளிப்பாட்டி, கோடித்துணி போர்த்தி, எல்லாம் முடிந்து ஆறு பேர் குனிந்து தூக்கினார்கள். தூக்க முடியவில்லை. ஆறு பேரும் நூறு கிலோ மல்லி மூட்டையைத் தனி ஆளாக மாடிக்கு ஏற்றுகிறவர்கள். மறுபடி குனிந்தார்கள். மூங்கில் மட்டும் முனகியது.

"அண்ணே" என்றான் கருத்தபாண்டி, "கொஞ்சம் வாசிச்சுப் பாருங்களேன். ஒருவேள..."

கிருபாகரன் உள்ளே போய் இரும்புப்பிடியைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்து ஒயரைச் செருகினான். தவசிலிங்கம் கிட்டாரை வாங்கிக்கொண்டு, முதல் நாள் இரண்டிலும் சோதித்துப் பார்த்த அதே பாட்டை, நான்கு திருகையும் நட்டநடுவில் வைத்து வாசித்தான். ஒரு தப்பு இல்லை. ஒவ்வொரு ஸ்வரமும் கழுவித் துடைத்து வைத்த மாதிரி தெருக்கோடி வரைக்கும் தனித்தனியாகக் கேட்டது. யாருக்கும் ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

பிறகு பன்னிரண்டு பேர் சேர்ந்து, லாரியில் லோடு ஏற்றும்போது போடுகிற அதே குரலைப் போட்டுத் தூக்கினார்கள். பத்து அடிக்கு ஒருமுறை தோள் மாற்றினார்கள். பத்துக் கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாதவன் முன்வரிசையில் இடதுபக்க மூங்கிலுக்குத் தோள் கொடுத்தான். எத்தனை கிலோ என்று அவன் கை அன்று சொல்லவில்லை.

மறுநாள் காலை முதல் மூட்டை ஏறுமுன் சங்கரநாராயணன் கருத்தபாண்டியைக் கூப்பிட்டார். படிக்கல் எப்போதோ உள்ளே போய்விட்டிருந்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறி நின்றான். முள் ஆடி, எண்பத்தொன்றில் வந்து நின்றது.

"சரியா இருக்கு" என்றார் சங்கரநாராயணன். அவன் இறங்கிக்கொண்டான். மூட்டையை ஏற்றினார்கள்.